ஆறு வோல்ற் பாட்டு

சைக்கிள் டைனமோவின் வயிற்றில் 6 வோல்ற், 3 வாற் என்று பொறித்திருக்கும். இருட்டில் போகிறவனுக்கு முன்லைற் எரிவதற்காகச் செய்த சாமான் அது. நாலு பெரிய பற்றரியை வரிசையாகப் போட்டாலும் கிடைப்பது அதே 6 வோல்ற்தான். 1970களிலும் 80களிலும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்த றேடியோக்களும் ரேப் ரெக்கோடர்களும் பல இந்த நாலு பற்றரி வகை. இரண்டும் இப்படிப் பொருந்தும் என்று எந்தக் கொம்பனியும் யோசித்துச் செய்யவில்லை. ஆனாலும் 1990க்குப் பிறகு குடாநாட்டில் பாட்டும் செய்தியும் செத்துப்போகாமல் இருந்ததற்கு இந்தப் பொருத்தம் ஒரு பெரிய காரணம்.

அந்த வருடம் யூனில் போர் மறுபடி மூண்டது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் ரோச்சுக்குப் போடும் பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெய் அபூர்வமானதும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயுமாக ஒரு விளக்கு ஒவ்வொரு வீட்டிலும் பிறந்தது. வெளிச்சத்துக்கு அது போதும், றேடியோவுக்குப் போதாது. எங்கே குண்டு விழுந்தது, கப்பல் வருகிறதா, பேச்சுவார்த்தை ஏதும் நடக்கிறதா என்று அறிய இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டாக வேண்டும். ஆகவே சைக்கிளைக் கவிழ்த்துவைத்தார்கள், அல்லது பின் சில்லு நிலத்தில் முட்டாமல் ஸ்ராண்டில் நிறுத்தினார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். சுற்றி நாலு வீட்டுச் சனம் குந்தியிருக்கும்.

"தம்பி, கெதியாச் சுத்தாதை, றேடியோ எரிஞ்சுபோகும். ஒரே சீராச் சுத்து."

இது வெறும் அதட்டல் இல்லை. டைனமோவில் பிறப்பது மாறுமின்னோட்டம். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் ஓடும்போதுதான் அது சொன்ன 6 வோல்ற்றைக் கொடுக்கும். முன்லைற் போன்ற கனமான பாரம் அதில் இல்லாதபோது வேகம் கூடினால் வோல்ற்றும் எகிறும். றேடியோவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். நாலு டயோட்டைச் சதுரமாகப் பற்றவைத்து, அதற்குப் பின்னால் ஒரு கப்பாசிற்றரைக் கட்டினால் கிட்டத்தட்டப் பற்றரியைப் போன்ற மின்சாரம் வரும். கப்பாசிற்றர் இல்லாவிட்டால் லண்டன் செய்தியோடு ஒரு வண்டின் ரீங்காரமும் கேட்கும். டயோட்டுக்கு எங்கே போவது? பழுதான ரீவி, பழுதான அம்பிளிஃபயர், ஓட மின்சாரமில்லாத எல்லாமே டயோட் சுரங்கம்தான். இதைச் செய்தவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள் இல்லை. றேடியோ திருத்துகிற கடையில் நின்று பழகியவர்கள், சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தைச் சீரியஸாக எடுத்துக்கொண்ட பொடியன்கள்.

ரேப் ரெக்கோடரை டைனமோவில் ஓட்டுவது இதைவிடக் கடினம். றேடியோ மிகக் குறைந்த மின்சாரத்தில் பாடிவிடும். கசெற்றைச் சுற்றும் மோட்டருக்கோ பல மடங்கு வேண்டும். சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் பாடகியின் குரல் இறங்கி ஆண் குரலாகிவிடும், அப்படியே இழுபட்டு நின்றுவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வருடங்களில் சிரிக்கக் கிடைத்தவை குறைவு.

செத்த பற்றரிக்கும் மறுபிறப்பு இருந்தது. ஆணியால் இரண்டு துளையிட்டு உப்புத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். அந்தக் காலத்து நாகம்-கரிப் பற்றரியில் மின்சாரம் குறைவதற்கு உள்ளேயுள்ள பசை காய்ந்துபோவதும் ஒரு காரணம். ஈரமும் உப்பும் உள்ளே போனதும் கொஞ்ச நேரத்துக்கு மறுபடி உயிர் வரும். சிலர் வெயிலில் காயவைத்தார்கள், சிலர் அவித்தார்கள். நாடகமோ செய்தியோ முடியும் மட்டும் அது தாக்குப் பிடித்தால் போதும்.

இந்த விளையாட்டெல்லாம் நடந்ததற்குக் காரணம் எங்கள் கெட்டித்தனம் மட்டும்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்வது சுகமாக இருக்கும். அது பாதிக் கதைதான். மற்றப் பாதி அந்தப் பெட்டிகள் செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் நாலு திருகாணி. பற்றரிக் கூட்டில் கூட்டல், கழித்தல் அடையாளம். உள்ளே போகும் மின்சாரம் எவரெடியா, டைனமோவா, மோட்டார்சைக்கிள் பற்றரியா என்று அது விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தெரிந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் அது 1990லேயே குப்பை.

கசெற்றும் அப்படித்தான். பிலிப்ஸ் நிறுவனம் பெல்ஜியத்து ஹசெல்ற் தொழிற்சாலையில் லூ ஒட்டன்ஸ் என்ற பொறியியலாளரின் தலைமையில் செய்து, 1963 ஓகஸ்டில் பெர்லின் கண்காட்சியில் காட்டிய பொருள் அது. அப்போது வேறு சில கொம்பனிகளும் தத்தமது நாடாப் பெட்டிகளோடு சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. சோனியின் நெருக்குதலுக்குப் பிறகு பிலிப்ஸ் தன் வடிவத்தை உரிமக் கட்டணம் இல்லாமலே மற்றவர்களுக்கு விட்டது. யப்பான்காரன் செய்த கசெற் ஒல்லாந்துக்காரன் பெட்டியில் ஓடும், ஹொங்கொங்கில் பெயரில்லாத ஒருவன் செய்ததும் ஓடும். 1979 யூலையில் சோனி வோக்மனை 33,000 யென்னுக்கு விற்கத் தொடங்கியபோது அதற்குள் போடவேண்டிய பாட்டு உலகம் முழுவதும் ஏற்கெனவே கிடந்தது. சோனியிடம் போய்ப் பாட்டு வாங்கத் தேவையிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பாட்டு வாங்கும் இடம் றெக்கோடிங் பார். வெறும் கசெற்றையும், கொப்பித் தாளில் எழுதிய பாட்டு லிஸ்றையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். அறுபது நிமிடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பாட்டு, தொண்ணூறுக்குப் பதினெட்டு. மிஞ்சும் இடத்தில் என்ன போடுவது என்பது கடைக்காரரின் ரசனை. சினிமாவை மட்டும் கேட்டு வளர்ந்த பலருக்கு நாதஸ்வரமும் தவிலும் அந்த மிச்ச நிமிடங்களில்தான் அறிமுகமாகின. சென்னையில் அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ இதனால் ஒரு சதமும் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சுதந்திரமாகப் பிரதி எடுத்தோம் என்று கொண்டாடுகிறவர்கள் அந்தக் கணக்கைத் தவிர்த்துவிடுகிறார்கள். உள்ளூரில் கசெற் வெளியிட்ட கலைஞர்களுக்கும் இதே கதிதான்.

கசெற்றில் பூட்டு இருந்தது. முதுகுப்பக்கத்து இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு. அதை முறித்துவிட்டால் அந்தக் கசெற்றில் மேலே பதிய முடியாது, பாட்டுப் பத்திரம். மனம் மாறினால் அந்தக் குழியில் ஒரு துண்டு செலோரேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். பூட்டுவதும் திறப்பதும் கசெற் வைத்திருப்பவனின் கையில். இதற்குப் பிறகு வந்த பூட்டுகளையெல்லாம் நான் இந்தச் செலோரேப் துண்டை வைத்துத்தான் அளக்கிறேன்.

வோக்மன் எங்களிடம் பெரும்பாலும் கடைவழி வரவில்லை. 1983க்குப் பிறகு சுவிஸ், ஜேர்மனி, லண்டன், கனடா என்று போனவர்களின் பொதியோடு வந்தது. எந்த மாதிரி, எந்தக் கொம்பனி என்பதைத் தீர்மானித்தவர் அங்கே தள்ளுபடி விற்பனையில் வரிசையில் நின்ற சித்தப்பாவோ மாமியோதான். தெரிவு எங்களுடையது இல்லை, வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது மட்டும் எங்களுடையது. இரண்டு சிறிய பற்றரி கிடைக்காத காலத்தில், ரோச் எரிக்கத் தெம்பில்லாத இரண்டு பெரிய பற்றரியை சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தால் இறுக்கிக் கட்டி, வயர் இழுத்து வோக்மனுக்குக் கொடுக்கலாம். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உலாவச் செய்த யப்பான் சாமான் இங்கே கதிரையில் ஓரிடத்தில் குந்தியிருந்து பாடியது. பற்றரி மிச்சம் பிடிக்க, நாடாவைப் பின்னுக்குச் சுற்றுவது எப்போதும் பேனையால்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சைக்கிள் கரியரில் ஏற்றியவற்றில் அரிசியும் பிள்ளையும் ஆவணங்களும் முதலில் வரும், கசெற் வராது. திரும்பி வந்தபோது குடாநாட்டில் இராணுவம். புலிகள் இயக்கத்தின் பாட்டுக் கசெற் வீட்டில் கிடப்பதே உயிராபத்து. எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள், பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டார்கள். எந்த இடத்தில் தாட்டோம் என்பதை மறந்தவர்களும் உண்டு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. பன்னிரண்டு வருடத்துக்குத் தேங்கியிருந்த உலகம் ஒரே வருடத்துக்குள் லொறியில் வந்து இறங்கியது: சீடி, வீசீடி, செல்போன், கணினி. 200 பாட்டை ஒரே வட்டில் அடக்கிய எம்.பி.3 சீடியைப் பார்த்து அந்நேரம் வாய் பிளக்காதவர் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் காதில் வெள்ளை வயர் தொங்கியது.

ஐபொட் பிறந்தது 2001 ஒக்ரோபர் 23. 5 ஜிகாபைற், ஆயிரம் பாட்டு, 399 டொலர். முதலில் அப்பிள் கணினிக்கு மட்டும், அடுத்த வருடம் விண்டோஸுக்கும். அழகில் அதற்கு நிகராக எதுவும் இருக்கவில்லை, அதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. பெருவிரலால் வட்டத்தைத் தடவ, ஆயிரம் பாட்டுக்குள் வேண்டியது வந்து நிற்கும். அதற்கு முன் வந்த எம்.பி.3 பெட்டிகளில் அந்த வேலை ஒரு தண்டனை.

அதன் கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. வெளியே ஒரு திருகாணியும் இல்லை, பற்றரி உள்ளே சிறை. கணினியில் செருகினால் ஒரு வட்டாகத் தெரியும், பாட்டுக் கோப்பை இழுத்து அதற்குள் போடவும் விடும், ஆனால் பாடாது. ஐரியூன்ஸ் என்ற மென்பொருள் தன் பதிவேட்டில் எழுதிய பாட்டை மட்டுமே அது பாட்டென்று நம்பும். உள்ளே இருக்கும் பாட்டுகளைத் தேடினால் மறைத்துவைத்த ஒரு அடைவுக்குள், நாலெழுத்துப் புதிர்ப் பெயர்களோடு சிதறிக் கிடக்கும். ரொறன்ரோவில் நிரப்பிய ஐபொட்டை யாழ்ப்பாணத்துக் கணினியில் செருகி இரண்டு பாட்டுச் சேர்க்க நினைத்தால், "இது வேறு கணினியோடு இணைந்தது, அழித்துவிட்டு இணைக்கவா?" என்று கேட்கும். ஆம் என்றால் அங்கிருந்து வந்த பாட்டு முழுவதும் போச்சு, இல்லை என்றால் புதுப் பாட்டு இல்லை.

சரி, காசு கொடுத்து முறையாக வாங்குவோம் என்றால்? ஐரியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் திறந்தது. இலங்கைக்கு வந்தது 2012 யூனில், ஆசியாவில் ஒரே தடவையில் பன்னிரண்டு நாடுகளுக்குத் திறந்தபோது. இந்தியாவுக்கே அதற்குப் பிறகு, அந்த டிசெம்பரில்தான். ஆகப் பெட்டி வந்த முதல் பத்து வருடமும், அந்தப் பெட்டிக்கென்றே சட்டப்படி பாட்டு விற்கும் கடையின் வாசல் இலங்கை முகவரிக்காரனுக்கு மூடியே கிடந்தது. பாட்டைத் திருடுகிறார்கள் என்று மூன்றாம் உலகத்தைப் பார்த்து விரல் நீட்டியவர்கள் அந்த வாசலைக் கவனிக்கவில்லை.

அங்கே வாங்கிய பாட்டுக்கும் பூட்டு இருந்தது. ஐந்து கணினிக்கு மேல் போகாது, வேறு கொம்பனிப் பெட்டியில் பாடாது. 2004இல் ரியல்நெற்வேர்க்ஸ் தான் விற்ற பாட்டை ஐபொட்டிலும் பாடவைக்க ஒரு வழி கண்டுபிடித்தது. இது ஹக்கர்களின் தந்திரமும் ஒழுக்கமும் என்று அப்பிள் சீறியது. வழக்கும் நடந்தது, 2014 டிசெம்பரில் ஒக்லண்ட் நீதிமன்ற ஜூரிகள் அப்பிளின் பக்கமே தீர்த்தார்கள். ஸ்ரீவ் ஜொப்ஸ் 2007 பெப்ரவரியில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில், பூட்டுக் கேட்டவை இசைத்தட்டுக் கொம்பனிகள்தான் என்றார். சராசரி ஐபொட்டில் உள்ள பாட்டில் தங்கள் கடையில் வாங்கியது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு என்றும் கணக்குக் காட்டினார். 2009இல் பாட்டின் பூட்டுக் கழன்றது. பெட்டியின் பூட்டுக் கழலவில்லை.

மைக்ரோசொஃப்ற் செய்தது இன்னும் மோசம். பல கொம்பனிப் பெட்டிகளிலும் நிச்சயம் பாடும் என்ற பெயரிலேயே 2004இல் ஒரு பூட்டு முறையைக் கொண்டுவந்து, 2006இல் தானே வெளியிட்ட ஸூன் பெட்டியில் அந்தப் பாட்டுகள் பாடாதபடி செய்தது. 2008இல் எம்எஸ்என் இசைக் கடையில் வாங்கியவர்களுக்கு, சாவி கொடுக்கும் கணினியை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததால் தவணை நீண்டது.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருவில் வென்றது வேறு சாமான். பெருவிரல் அளவு சீனப் பெட்டி, ஒற்றைச் சின்னப் பற்றரி. கணினியில் செருகினால் வெறும் வட்டு, இழுத்துப் போட்ட பாட்டு அப்படியே பாடும். பெரும்பாலானவற்றின் வயிற்றில் ஸூஹாய் நகரத்து அக்ஷன்ஸ் கொம்பனியின் மலிவுச் சில்லு. பாட்டின் தரம் சுமார், திரை பார்க்கச் சகிக்காது, ஆறு மாதத்தில் பொத்தான் ஆடும். ஆனாலும் சொன்னதைக் கேட்டது.

அதற்குப் பின்னால் வந்தது பிஎல்-5சி. நொக்கியா தன் சின்னப் போன்களுக்காகச் செய்த, தீப்பெட்டியைவிட மெல்லிய, 3.7 வோல்ற் பற்றரி. 2007 ஓகஸ்டில் நொக்கியா இந்த வகையில் 4 கோடி 60 இலட்சம் பற்றரிகள் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று எச்சரித்து மாற்றிக் கொடுக்க முன்வந்தது. எத்தனை பரவியிருந்தது என்பதற்கு அந்த எண்ணே போதும். போன் மறைந்த பின்பும் பற்றரி மறையவில்லை. சீனத்துச் சிறு றேடியோ, மெமரி காட் போட்டுப் பாடும் ஸ்பீக்கர் எல்லாம் அதே அளவில் கூடு வைத்தன. வீங்கினால் கழற்றி எறிந்துவிட்டுத் தெருமுனைக் கடையில் இன்னொன்று வாங்கலாம். ஒரு கொம்பனியின் தனிச் சாமான் எவருடைய அனுமதியுமில்லாமல் ஊர்ப் பொதுவானது இப்படித்தான்.

றெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது மெமரி காட்டுக்குப் பாட்டு ஏற்றும் கடை. லிஸ்ற் எழுதும் பழக்கம் போய்விட்டது. "அண்ணை, பழைய பாட்டு ஒரு நாலு ஜிபிக்குப் போடுங்கோ" என்றால் முடிந்தது. தெரிவு செய்வதே தெரிவில் இல்லாமல் போனது. ஆயிரம் பாட்டில் எண்ணூறை ஒருமுறையும் கேட்டிருக்கமாட்டோம்.

இன்று எல்லாம் போனுக்குள். 2021 பெப்ரவரியில் ஸ்பொற்றிஃபை இலங்கைக்கு வந்தது. ஐபொட் 2022 மே மாதத்தோடு நின்றது. மாதக் கட்டணம் கட்டுகிறவர் பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது அந்தச் செயலிக்குள் மட்டும் பாடும், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டாகவேண்டும். 1990இலிருந்து 1995 வரை குடாநாடு இருந்த நிலையை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். முப்பத்தோராம் நாள் எல்லாப் பாட்டும் வாயடைத்திருக்கும், எவன் எவ்வளவு பெடல் சுற்றினாலும். அது பழைய கதை என்பவர்களுக்கு 2022 மார்ச் ஞாபகமிருக்கும். பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, பெற்றோல் வரிசை, தூசி தட்டி வெளியே எடுத்த சைக்கிள்கள்.

வசதியை நான் குறை சொல்லவில்லை. வாடகைக்கு எடுத்த பாட்டும் பாட்டுத்தான், கலைஞருக்குக் கொஞ்சமாவது காசு போகிறது, றெக்கோடிங் பாரில் அது போகவில்லை. ஆனால் கடையில் இருபது வகைப் போன் அடுக்கியிருப்பதைத் தெரிவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இருபதிலும் பற்றரி ஒட்டியிருக்கிறது. மெமரி காட் போடும் துளை ஒவ்வொன்றாக அடைபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 28 முதல் போன்களுக்கு ஒரே வகைச் சார்ஜர் துளையைக் கட்டாயமாக்கியது, 2027 பெப்ரவரியிலிருந்து பாவிப்பவரே கழற்றக்கூடிய பற்றரி வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு நாங்கள் வாக்களிக்கவில்லை, ஆனால் பலன் எங்களுக்கும் வரும். அன்று வோக்மன் வந்த அதே வழியால்.

வீட்டில் பழைய கசெற் கிடந்தால் எறியாதீர்கள். கோயில் திருவிழாவில் பிடித்த நாதஸ்வரம், கூத்து, பேத்தியாரின் குரல், திரும்ப எங்கும் கிடைக்காத உள்ளூர்ப் பாட்டு எதுவும் அதில் இருக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓடவிடாமல், முதலில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் ஒரு பழைய ரேப் ரெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள், இவ்வளவும் போதும். பூட்டில்லாத சாதாரணக் கோப்பாகச் சேமித்து, இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று எந்தக் கொம்பனியின் கணக்குக்குள்ளும் இல்லாத இடமாக இருக்கட்டும். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் புத்தகங்களோடு ஒலிப்பதிவுகளையும் ஆவணமாக்குகிறது. அவர்களோடு ஒருமுறை கதைத்துப் பாருங்கள். நாடா இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இந்த வருடமே செய்யுங்கள்.